தரை தவறியவன்

ஆடி மாதத்தில், காற்று ஓட்டு வீடுகளின் ஓடுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிற நாட்களில் ஒன்றில், முற்பகல் பதினொரு மணி வாக்கில், காற்றாலைக் கோபுரத்தின் உச்சியில் பழுது பார்க்க ஏறியிருந்த சுயம்புலிங்கம் அங்கிருந்து விழுந்தான். விழுந்தவன் தரைக்கு வந்து சேரவில்லை.

கீழே நின்ற இரண்டு வேலையாட்களும் கண்ணை இறுக மூடிக்கொண்டார்கள். வர வேண்டிய சத்தம் வராமல் போகவே ஒருவர் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார். காற்று சுயம்புலிங்கத்தைப் பக்கவாட்டில் தள்ளியிருந்தது. அவன் விழுந்துகொண்டுதான் இருந்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவன் விழ விழத் தரையும் அவனுக்குக் கீழே வளைந்து விலகிக்கொண்டே போனது, சாப்பிட உட்காரப் போகிறவனுக்கு முன்னால் யாரோ பந்திப்பாயைச் சுருட்டிக்கொண்டே போவதைப்போல.

அப்படியே அவன் பொத்தையைக் கடந்தான். ஊருக்குக் கிழக்கே இருக்கிற மொட்டைப் பாறைக்குன்றை எங்கள் வாகைநேரியில் பொத்தை என்றுதான் சொல்வோம். பொத்தையைக் கடந்து, குளத்தைக் கடந்து, வாழைத்தோட்டங்களையும் பேருந்து நிலையத்தையும் கடந்து, வரவரத் தாழ்ந்து, வரவர வேகம் பிடித்து, மேற்கே நாலாம் தெருவில் தன் வீட்டு மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவருக்கு ஒரு முழம் மேலாகப் போனான். மாடியில் வற்றல் காயப்போட்டு, விரித்த பழஞ்சேலையின் ஓரங்களில் கல் வைத்துக்கொண்டிருந்த அவன் மனைவி உலகம்மாள் தன்மேல் ஒரு நிழல் ஓடுவதைக் கண்டு நிமிர்ந்தபோது, அவன் ஐந்தாவது வீட்டைத் தாண்டியிருந்தான். வேலைக்குப் போனவர் எதற்கு இந்த வழியாக வருகிறார் என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியதாம். இருபத்திரண்டு நிமிடம் கழித்து அவன் மறுபடியும் வந்தான். அதற்குப் பிறகு இருபத்திரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை வந்துகொண்டே இருந்தான்.

பெண்கள் பள்ளியில் இயற்பியல் நடத்துகிற ஹெப்சிபா டீச்சர் மத்தியானச் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு, கையில் கடிகாரத்தோடு நாலாம் தெருவுக்கு வந்து நான்கு சுற்று பார்த்தார். பிறகு உலகம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“அவன் மிதக்கல, உலகம்மா. பறக்கவும் இல்ல. விழுந்துகிட்டுதான் இருக்கான். பக்கவாட்டுல ஓடுற வேகம் சரியா இருக்கிறதால ஒவ்வொரு தடவையும் தரை தவறிப் போகுது. வானத்துல சுத்துறதெல்லாம் இப்படி விழுந்துகிட்டே இருக்கிறதுதான்.”

“அவிய ஊரையில்லா சுத்துதாவ டீச்சர்?”

“பூமியச் சுத்த வேண்டியவன் வாகைநேரியச் சுத்துறான். அது ஏன்னு எனக்குத் தெரியாது. மத்ததெல்லாம் கணக்குப்படி சரியாத்தான் இருக்கு.”

கணக்கில் ஒரு கொடுமையும் இருந்தது. பொத்தைக்கு மேலே, ஆளில்லாத உயரத்தில், அவன் மாட்டுவண்டி போலத் தயங்கித் தயங்கிப் போனான். மனைவி நிற்கிற மாடிக்குக் கிட்டத்தில் வரும்போதுதான் யாரோ பிடித்து இழுப்பதுபோல விரைந்தான். கிட்டே வரவர வேகம் கூடும், தள்ளிப் போகப்போகக் குறையும், அதை யாரும் மாற்ற முடியாது என்றார் டீச்சர்.

ஊர் பழகிக்கொண்டது. கம்பெனியிலிருந்து வந்த அதிகாரி விபத்துப் படிவத்தில் விழுந்த நேரத்தை எழுதிவிட்டு, விழுந்த இடம் என்ற கட்டத்துக்கு முன்னால் வெகுநேரம் பேனாவோடு உட்கார்ந்திருந்து, ஆள் இன்னும் விழுந்து முடிக்கவில்லை, ஆகவே இன்னும் வேலையில்தான் இருக்கிறார் என்று முடிவு செய்து கிளம்பிப் போனார். கிராம நிர்வாக அலுவலர் ரேஷன் அட்டையில் பெயரை எடுப்பதா வேண்டாமா என்று தாலுகா ஆபீசுக்கு எழுத, ஊர் எல்லைக்கு உள்ளேயே இருப்பவர் பெயரை எப்படி எடுப்பது என்று அங்கிருந்து பதில் வந்தது. பள்ளிக்கூடத்தில் இரண்டு சுற்றுக்கு ஒரு மணி அடித்தார்கள். துணி காயப்போடுகிற கொடிகள் ஒரு முழம் கீழே இறங்கின. திருநெல்வேலி வண்டி பேருந்து நிலையத்துக்குள் திரும்பும்போது, “தலைய உள்ள இழுங்க, சுயம்பு அண்ணாச்சி வாராவ,” என்று நடத்துநர் விசில் ஊதினார். காக்கைகள் முதல் வாரம் அவனைத் துரத்திவிட்டு, இரண்டாம் வாரம் அவனோடு பேருந்து நிலையம்வரை போய்விட்டுத் திரும்பின. புரட்டாசியில் அம்மன் தேர் நாலாம் தெரு முக்கில் நின்று, அவன் கடந்து போன பிறகு நகர்ந்தது, அதை யாரும் அபசகுனம் என்று சொல்லவில்லை. அவன் சட்டைப்பையிலிருந்து நழுவிய, நட்டு முடுக்குகிற திருகு குறடு கீழே விழாமல் அவன் இடுப்பை ஒட்டியே, தாயோடு போகிற கோழிக்குஞ்சு மாதிரி, கூடவே சுற்றிவந்தது. புதிதாக ஊருக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் வாயைப் பிளந்தார்களே தவிர, அவனைப் பார்த்து அல்ல.

அவனுக்குச் சோறு கொடுப்பதுதான் கஷ்டமாக இருந்தது. முதல் நாள் உலகம்மாள் இட்லிப் பொட்டலத்தை அவனை நோக்கி எறிய, அவன் வந்த வேகத்தில் அது அவன் நெஞ்சில் கல்போல மோதிச் சிதறியது. “நின்னுக்கிட்டு எறியாத,” என்றார் டீச்சர். “அவன் போற பக்கமே நீயும் ஓடு. அவன் வேகத்துக்கு நீ ஓடுனா, உனக்கு அவன் நிக்கிற மாதிரிதான் இருப்பான். அப்போ கையில கொடுத்துரலாம்.”

ஆனால் அவள் வீட்டு மாடியின் நீளம் பதினாறு காலடிதான். அவன் வேகத்தைப் பிடிப்பதற்குள் கைப்பிடிச் சுவர் வந்துவிடும். மூன்று நாள் அவள் சுவரில் முட்டியை இடித்துக்கொண்டதைப் பார்த்த பக்கத்து வீட்டு மைதீன் பாத்து, நாலாவது நாள் காலையில் யாரையும் கேட்காமல் கடப்பாரையோடு மாடியேறி, தன் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் இருந்த சுவரை உடைத்தாள்.

“என்னக்கா இது?” என்றாள் உலகம்மாள்.

“என் மாடி எனக்கு எதுக்குட்டி? வத்தல் காயப்போடவா? ஓடு.”

அந்தச் சத்தம் கேட்டு அடுத்த வீட்டில் உடைத்தார்கள். அதற்கடுத்த வீட்டில் வீட்டுக்காரர் ஊரில் இல்லை. அவர் பெண்டாட்டியே உடைத்தாள். ஆவணி முடிவதற்குள் நாலாம் தெருவில் பதினொரு வீட்டு மாடிகளும் ஒன்றாகி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு நீண்ட தளமாகக் கிடந்தன. உலகம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முதல் வீட்டில் ஓட ஆரம்பித்தால், மூன்றாவது வீட்டில் அவன் வந்து சேர்வான். ஆறாவது வீட்டில் இருவரும் ஒரே வேகத்தில் இருப்பார்கள். அங்கிருந்து பதினோராவது வீடுவரை, ஒரு வாக்கியம் பேசுகிற நேரத்துக்கு, அவன் அவளுக்குப் பக்கத்தில் அசையாமல் நின்றான்.

ஒரு சுற்றுக்கு ஒரு வாக்கியம். அவள் கேட்டால் பதில் இருபத்திரண்டு நிமிடம் கழித்து வரும்.

இதற்கு முன்னால் அவர்கள் எப்படி இருந்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும். இரண்டு வருடத்துக்கு முன்பு அவர்களுடைய ஒரே மகள் செண்பகா, ஆறு வயது, ஐந்து நாள் காய்ச்சலில் போய்விட்டாள். அந்த ஐந்து நாளும் வீட்டிலும் ஆஸ்பத்திரியிலும் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த புருஷனும் பெண்டாட்டியும், ஆறாவது நாள் வீட்டுக்குத் திரும்பி, பிள்ளையின் துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். அதற்குப் பிறகு பேச்சு நின்றுபோனது. சண்டை இல்லை. “சோறு இருக்கு.” “கதவச் சாத்திக்கோ.” அவ்வளவுதான். யாராவது ஒருவர் அந்தப் பெயரைச் சொல்லிவிட்டால் வீடு இடிந்துவிடும் என்பதுபோல இருவரும் மெதுவாக நடமாடினார்கள்.

இப்போது ஒரு நாளைக்கு முப்பது வாக்கியம் பேசினார்கள். “குளிருதா?” “பொத்தைக்கு மேல போகையில மட்டும்.” “தூக்கம் வருதா?” “விழுதோம்ங்கிற பயம் விட்டுப்போச்சு, அதனால வருது.” “மேலேருந்து என்ன தெரியுது?” “நம்ம வீடு ரொம்பச் சின்னது, உலகு.” ஐப்பசி மழையில் அவள் குடை பிடித்துக்கொண்டு ஓடினாள், அவன் நனைந்துகொண்டே சிரித்தான். பதினொரு வீட்டுப் பெண்களும் மாடியில் துணி உதறுவதுபோல நின்று ஒவ்வொரு வாக்கியத்தையும் கேட்டார்கள். மழையில் உதற என்ன துணி இருக்கிறது என்று யாரும் யாரையும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆனால் ஒரு கேள்வியை உலகம்மாள் கேட்காமலே வைத்திருந்தாள். அது ஊருக்கும் தெரியும். கோபுரத்தில் ஏறுகிறவர்கள் இடுப்பில் பெல்ட் கட்டி, அதன் கொக்கியைக் கம்பியில் மாட்டிக்கொள்வார்கள். பதினான்கு வருடம் ஏறியவனுக்கு அது மூச்சுவிடுவது மாதிரி. அன்றைக்கு மேலே ஏறிப் பார்த்தவர்கள், கம்பி நன்றாகத்தான் இருந்தது என்றார்கள். சுயம்புலிங்கத்தின் இடுப்பில் பெல்ட் இருந்தது, கொக்கியும் முழுசாக இருந்தது, அவன் போகும்போது அது வெயிலில் பளிச்சென்று மின்னுவதை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

கார்த்திகையில் மழை விட்டு வெளிவாங்கிய ஒரு காலையில், ஆறாவது வீட்டில் அவன் வேகத்தைப் பிடித்ததும் அவள் கேட்டாள்:

“கொக்கிய நீங்களே கழட்டுனீங்களா?”

அவன் முகத்தைத் திருப்பாமல் போனான். அடுத்த சுற்றில் அவள் ஓடினாள். அவன் கொக்கியைக் கையால் மூடிக்கொண்டு போனான். அதற்கடுத்த சுற்றிலும் அப்படியே. அவள் கொடுத்த பொட்டலத்தையும் வாங்கவில்லை. மாடியில் நின்ற பெண்கள் ஒவ்வொருவராகக் கீழே இறங்கிப் போனார்கள், கேட்கக்கூடாதது என்று ஒன்று இருக்கிறதே என்று. மைதீன் பாத்து மட்டும் தண்ணீர்ச் செம்போடு ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தாள். ஐந்தாவது சுற்றில் அவன் வாயைத் திறந்தான்.

“கழட்டணும்னு நெனைக்கல உலகு, மாட்டணும்னு தோணல.”

இருபத்திரண்டு நிமிடம் உலகம்மாள் மாடியில் நின்றாள். உட்காரும்படி மைதீன் பாத்து சொன்னது அவள் காதில் விழவில்லை. அவன் பொத்தைக்கு மேல் ஒரு புள்ளியாகத் தயங்கி நிற்பதையும், பிறகு அசைவதையும், குளத்தின் மேல் பெரிதாவதையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் வந்ததும் ஓடிக்கொண்டே சொன்னாள்:

“எனக்கும் ரெண்டு வருசமா அப்படித்தான் இருந்துச்சு, நீங்க ஒரு நாளும் கேக்கல.”

சொல்லிவிட்டு அவன் கையைப் பிடித்தாள்.

“விடுட்டி, நீயும் வந்துருவ!” என்று அவன் கத்தினான். அது அவனுடைய முறை இல்லை, ஆனாலும் கத்தினான். பத்தாவது வீடு போனது. பதினோராவது வீட்டின் கடைசிச் சுவரையும் அப்போதே உடைத்துவிட்டிருந்தார்கள், அதற்குக் கீழே தெருதான். உலகம்மாள் நிற்கவில்லை. ஓடிய வேகத்திலேயே மாடியின் விளிம்பைத் தாண்டி வெறும் காற்றில் கால் வைத்தாள்.

தெருவில் நின்றவர்கள் இரண்டு பேர் கனம் சேர்ந்தால் தடாலென்று விழுந்துவிடுவார்கள் என்று கையை விரித்துக்கொண்டு ஓடினார்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அங்கே வந்திருந்த டீச்சர் மட்டும் நின்ற இடத்தில் நின்றார். கனத்துக்கும் விழுவதற்கும் சம்பந்தமில்லை, கல்லும் நெல்லும் ஒன்றாகத்தான் விழும் என்று முப்பது வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர், சொன்னது சரியாக இருக்கவேண்டுமே என்று அன்றுதான் முதல்முறையாக வேண்டிக்கொண்டார். சரியாகத்தான் இருந்தது. ஒருவன் போன பாதையில் இரண்டு பேர் போனார்கள், அதே உயரத்தில், அதே வேகத்தில், ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு.

அந்தச் சுற்றைப் பற்றி உலகம்மாள் பிற்பாடு மைதீன் பாத்துவிடம் சொன்னதுதான் எங்களுக்குத் தெரியும். முதலில் காதில் காற்று இரைந்ததாம், பிறகு அதுவும் அடங்கிப்போனதாம். கால் இருப்பதே தெரியவில்லையாம், இடுப்பில் செருகிய சாவிக்கொத்து எழும்பிப் பூமாதிரி விரிந்து நின்றதாம். பிள்ளை போன நாளிலிருந்து நெஞ்சுக்கூட்டில் வைத்த அம்மிக்கல் மாதிரி ஒரு கனம் இருந்துகொண்டே இருந்ததே, அது அங்கேதான் இருந்தது, ஆனால் கனக்கவில்லை. கூடவே மெதுவாக மிதந்தது. இதற்காகத்தான் இந்த மனுஷன் இத்தனை மாதம் கீழே வர ஒரு முயற்சியும் செய்யவில்லை என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. தனக்கும் இறங்க மனம் வராது என்பதும் விளங்கியது.

பொத்தைக்கு மேலே வேகம் குறைந்து, அநேகமாக நின்றேவிட்டார்கள். கீழே ஊர் முழுவதும் ஒரு தட்டில் வைத்ததுபோலத் தெரிந்தது. குளத்துக்குத் தென்கரையில், ஆவாரஞ்செடிகளுக்கு நடுவில், சின்னப் பிள்ளைகளைப் புதைக்கிற இடமும் தெரிந்தது. இரண்டு வருடமாக இருவரும் அந்தப் பக்கம் போனதில்லை.

“தெனமும் இத எத்தன தடவ பாக்கிறீங்க?” என்றாள்.

“அறுபத்தஞ்சு.”

“பாத்துட்டு?”

“ஒண்ணுமில்ல. பாத்துட்டுப் போயிருவேன்.”

அவளுக்கு அழுகை வந்தது. கண்ணீர் திரண்டது, ஆனால் வழியவில்லை. கண்ணின்மேல் ஒரு கண்ணாடிக் குமிழாகத் திரண்டு, பெருத்து, இமைகளை மூடி ஒட்டிக்கொண்டு அங்கேயே நின்றது. தலையை உதறினாள், போகவில்லை. துடைத்தால் விரலில் ஒட்டிக்கொண்டு அசைந்தது. அவனைப் பார்த்தாள். அவன் இரண்டு கண்ணிலும் அதே மாதிரி தண்ணீர் திரண்டு நின்றது. எத்தனை நாளாகவோ நின்றிருக்கவேண்டும். தூரத்திலிருந்து பார்த்த எங்களுக்கு அது வெயிலின் பளபளப்பாகவே தெரிந்திருந்தது.

“இங்க அழ முடியலீங்க,” என்றாள் உலகம்மாள். “இங்க எதுவுமே கீழ விழ மாட்டேங்குது. வீட்டுக்குப் போவோம்.”

“கனக்கும் உலகு.”

“ஆமா, கனக்கும்.”

அவன் அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். வாழைத்தோட்டங்கள் வந்தன, பேருந்து நிலையம் வந்தது, வேகம் கூடியது. நாலாம் தெருவின் முதல் வீடு வந்ததும் உலகம்மாள் காலைக் கீழே நீட்டி மாடித் தளத்தைத் தேய்த்தாள். அவள் நீட்டியதைப் பார்த்து அவனும் நீட்டினான்.

செருப்பு பிய்ந்து பறந்தது. நிற்கமுடியவில்லை. ஆனால் அந்த ஓட்டத்தில் கொஞ்சம் வேகம் செத்தது. “கையக் குடுங்கட்டி!” என்று மைதீன் பாத்து கத்த, கீழே இறங்கிப் போயிருந்த பெண்கள் எல்லோரும் மாடிக்கு ஓடிவந்து வரிசையாக நின்று கையை நீட்டினார்கள். யாரும் அவர்களைப் பிடித்து நிறுத்தப் பார்க்கவில்லை. போகிற கையை ஒரு கணம் தொட்டு, பிடித்து, விட்டார்கள். ஒவ்வொரு கையும் கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தை வாங்கிக்கொண்டது. “இங்க குறைச்சா அங்க உயரம் குறையும்,” என்று தெருவிலிருந்து டீச்சர் கூவினார், “விடாதீங்க, அடுத்த சுத்து சீக்கிரமே வந்துருவாங்க!”

அப்படியே ஆனது. அந்தச் சுற்றில் அவர்கள் பொத்தைவரை போகவில்லை, குளத்தின் நடுவிலேயே திரும்பினார்கள். பதினெட்டு நிமிடத்தில் வந்தார்கள். கைகள் நீண்டன. அடுத்த சுற்றில் வாழைத்தோட்டத்தோடு திரும்பி, பன்னிரண்டு நிமிடத்தில் வந்தார்கள். அதற்கடுத்து பேருந்து நிலையம். நடத்துநர் விசிலை வாயில் வைத்தபடி ஊத மறந்து நின்றார். பிறகு நாலு நிமிடம். பிறகு தெருவை மட்டும் சுற்றி ஒரு நிமிடம். மத்தியானம் இரண்டு மணிக்கு, வெயில் நன்றாக ஏறியிருந்த நேரத்தில், ஏழாவது வீட்டு மாடியில் இரண்டு பேரும் முழங்கால் மடங்கி உட்கார்ந்தார்கள். அவன் பக்கத்தில் திருகு குறடு ணங்கென்று விழுந்தது.

சுயம்புலிங்கத்தால் தலையைத் தூக்கி வைத்திருக்க முடியவில்லை. கையைத் தூக்கப் பார்த்தான், அது வேறு யாருடைய கையோ போலக் கிடந்தது. தன் உடம்பு இவ்வளவு கனமா என்று அவன் திகைத்து விழித்தான். உலகம்மாள் அவன் தலையை எடுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

“எம்பிள்ள,” என்றான் அவன். பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு, இரண்டு வருடத்தில் முதல்தடவையாக, “செண்பகா,” என்றான்.

வீடு இடியவில்லை. அவன் கண்ணில் நின்றது உடைந்து கன்னத்தில் ஓடி, தாடையில் ஒரு கணம் தொங்கி, கீழே விழுந்தது. அவளுடையதும் விழுந்தது. சுட்டுக்கிடந்த தளத்தில் விழுந்த இடம் தெரியாமல் உடனே காய்ந்தது, காயக் காய மேலே மேலே விழுந்தது. இருவரும் பிள்ளையின் பெயரைச் சொல்லிச் சொல்லி, சத்தம்போட்டு, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

பெண்கள் சத்தமில்லாமல் படியிறங்கினார்கள். கீழே யாரோ ஓடிக்கொண்டிருந்த டிவியை நிறுத்தினார்கள். மைதீன் பாத்து தண்ணீர்ச் செம்பை அவர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிட்டு, கடைசி ஆளாக இறங்கி, மாடிக் கதவைத் தாழ் போடாமல் ஒருக்களித்துச் சாத்தினாள். வெயில் தாழும்வரை நாலாம் தெருவில் யாரும் அவர்களைக் கீழே வரச்சொல்லிக் கூப்பிடவில்லை.